உங்கள் வார்டில் நீங்களே நின்றால்: மலை நகரத்தில் கவுன்சிலர் வேலை பற்றி ஓர் எளிய விளக்கம்

குன்னூர் நகராட்சியில் 30 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை 45,494. வகுத்துப் பார்த்தால் ஒரு வார்டுக்கு ஏறக்குறைய 1,500 பேர். ஊட்டியில் 88,430 பேருக்கு 36 வார்டுகள். அங்கே ஒரு வார்டுக்கு 2,450 பேர் வருவார்கள். இதில் 18 வயது நிரம்பாதவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் வாக்காளர்கள். சட்டமன்றத் தொகுதி என்றால் லட்சக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு இது மிகச் சின்ன எண். வேலை முடிந்து வந்து தினமும் மாலையில் இருபது வீடுகள் ஏறி இறங்கினால், ஒரு மாதத்துக்குள் குன்னூரின் ஒரு வார்டில் எல்லா வீட்டு வாசலிலும் நின்று பேசிவிடலாம்.

ஒவ்வொரு வார்டிலும் மனு எழுதி எழுதி அலுத்துப்போன ஒருவராவது இருப்பார். மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை, படிக்கட்டில் விளக்கு எரியவில்லை, ஓடையில் குப்பை குவிகிறது என்று மனு நீதி நாளுக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் நடந்தவர். அவரிடம் போய் "நீங்களே தேர்தலில் நின்றால் என்ன?" என்று கேட்டால், "நமக்கெல்லாம் அது சரிவருமா?" என்பார். சரிவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த வேலை என்ன, அதில் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். முதன்முதலாக யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளின் பட்டியல் எல்லாம் அதில் வந்தவை. குடிநீர், சாலை, துப்புரவு, தெருவிளக்கு, குடிசைப்பகுதி மேம்பாடு, பூங்கா, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் போகும். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அது முழுமையாகச் செயலுக்கு வந்தது 2023 ஏப்ரலில்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று சட்டம் சொன்னாலும், நம் ஊரில் நடந்தது வேறு. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலம் முழுவதும் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். அந்த அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் படிக்கட்டு இடிந்த மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. கவுன்சிலர் என்ற ஆள் எதற்குத் தேவை என்பதை அந்த இடைவெளியில் வாழ்ந்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது.

சரி, கவுன்சிலரால் என்ன செய்ய முடியும்? அவர் கையில் பணம் கிடையாது, ஊழியர்களும் கிடையாது. நகராட்சியில் நிர்வாகம் ஆணையரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் இருக்கிறது. கவுன்சிலருக்கு இருப்பது மன்றத்தில் ஓர் இடமும் ஒரு ஓட்டும். மன்றம் தீர்மானம் போட்டால்தான் பல வேலைகளுக்கு உயிர் வரும். நகராட்சியின் வரவு செலவு மன்றத்தின் முன் வர வேண்டும். கடை வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், ஏல விவகாரங்கள் எல்லாம் அங்கே பேசப்படும். சேர்மனைத் தேர்ந்தெடுப்பதும் கவுன்சிலர்கள்தான். 2022இல் மக்கள் நேரடியாகத் தலைவருக்கு ஓட்டுப் போடவில்லை. மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 36 பேர் கொண்ட மன்றத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த நான்கைந்து பேர் சேர்ந்தாலே கூட்டத்தின் போக்கு மாறிவிடும்.

மலையில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சமவெளி ஊர்களில் தெரு உடைந்தால் அது நகராட்சித் தெரு என்று எளிதில் சொல்லிவிடலாம். இங்கே ஒரே சரிவில் மேலே வனத்துறை, நடுவில் தேயிலைத் தோட்டம், கீழே நெடுஞ்சாலைத் துறையின் சாலை, அதன் ஓரத்தில் நகராட்சியின் வடிகால், அதற்கும் கீழே ரயில்வே நிலம் என்று அடுக்கடுக்காக இருக்கும். குன்னூரிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லை. அங்கே பாதுகாப்புத் துறையின் கீழ் வேறு வாரியம், வேறு சட்டம். அதையும் தாண்டி அருவங்காடு பக்கம் போனால் ஜெகதளா பேரூராட்சி. உங்கள் பகுதியின் குறை ஒவ்வொன்றுக்கும் "இது யாருடைய இடம்?" என்ற கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள். தவறான அலுவலகத்தில் ஒரு வருடம் மனு கொடுத்துக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடலூர், ஓவேலி பக்கம் இது இன்னும் கடினம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் (ஜென்மி என்ற பழைய நில உரிமையாளர்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட சட்டம்) பிரிவு 17இன் கீழ் வரும், தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே அங்கே பெரிய போராட்டம். இந்தப் பிரச்சினை மாநில அரசு, வனத்துறை, நீதிமன்றம் என்ற மட்டத்தில் நிற்கிறது. "ஜெயித்தால் பட்டா வாங்கித் தருகிறேன்" என்று ஒரு வார்டு வேட்பாளர் சொன்னால் அது அவரால் நிறைவேற்ற முடியாத வாக்கு. கட்டட அனுமதியும் அப்படித்தான். 1993இல் மலைவாழிடங்களுக்கென்று வந்த தனிக் கட்டட விதிகளும், சரிவான இடங்களுக்கான கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. அவற்றைக் கவுன்சிலர் தளர்த்த முடியாது, தளர்த்தவும் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "கொஞ்சம் கண்டுக்காம விடச் சொல்லுங்க" என்று உங்கள் சொந்த வாக்காளரே வந்து கேட்கும்போது அந்த நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலரால் செய்ய முடிந்தவை பக்கம் வருவோம். அவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் ஒரு பகுதியின் வாழ்க்கை அவற்றால்தான் மாறுகிறது.

தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் அது வெளிச்சம் மட்டும்தான். நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் படிக்கட்டில் காட்டெருமை நிற்கும், கரடி குப்பையைக் கிளறும். கூடலூர் பக்கத்துக் காட்டு உச்சியான ஊசிமலை அளவுக்குப் போக வேண்டாம், நகரத்தின் நடுவிலேயே இது நடக்கிறது. எனவே எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்ற பட்டியலை வைத்திருப்பவர் உயிர் காக்கும் வேலை செய்கிறார் என்றே சொல்வேன். குப்பையும் இதோடு சேர்ந்தது. பேட்டரி வண்டியும் லாரியும் படிக்கட்டுப் பாதைக்குள் வராது. தூய்மைப் பணியாளர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நூறு படி ஏற வேண்டும். அவர்கள் எண்ணிக்கை குறைந்தால் மேல் வீட்டுக் குப்பை நேராக ஓடைக்குப் போகும், அதைத் தேடிக் கரடி வரும். உங்கள் வார்டுக்கு எத்தனை பணியாளர்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள், படிக்கட்டுப் பகுதிக்குத் தனி ஏற்பாடு உண்டா என்பது மன்றத்தில் எழுப்பக்கூடிய நல்ல கேள்வி. இந்த மாவட்டம் இருபது ஆண்டுகளுக்கும் முன்பே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த மாவட்டம். குன்னூர் ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கில் தன்னார்வலர்களும் நகராட்சியும் சேர்ந்து தரம்பிரிக்கும் வேலையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மலையில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீர் இன்னும் நுணுக்கமானது. ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை என்று ஊற்றுக்கண்கள் மேலே இருக்கின்றன. ஆனாலும் ஒரே குழாயில் பள்ளத்து வீட்டுக்கு வேகமாகவும் மேட்டு வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகவும் வரும். வால்வை எவ்வளவு நேரம், எந்த வரிசையில் திறக்கிறார்கள் என்பதில்தான் பாதிப் பிரச்சினை. புதுத் தொட்டி கேட்பதற்கு முன் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரோடு ஒரு காலை முழுவதும் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பழைய குழாய் கசிகிறது, எந்த இணைப்பு முறையற்றது என்று எந்த அலுவலகக் கோப்பையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வடிகால்தான் மலை நகரத்தின் மிகப் பெரிய பாடம். ஒரு வார்டில் நடைபாதைக்கு கான்கிரீட் போட்டு, ஓரத்தில் வாய்க்கால் கட்டிவிடுவார்கள். வார்டு பளிச்சென்று ஆகிவிடும், கவுன்சிலருக்கு நல்ல பெயர். முன்பு மண்ணில் இறங்கிய மழைநீர் முழுவதும் இப்போது அந்த வாய்க்காலில் ஓடி, அது முடிகிற இடத்தில் கீழ் வார்டுக்காரர் வீட்டுப் பின்சுவரில் மோதும். இரண்டு மழைக்காலத்தில் அந்தச் சுவர் வயிறு தள்ளும், மூன்றாவதில் விழும். ஊட்டியில் கோடப்பமந்துக் கால்வாய் நகரத்தின் கழிவை எல்லாம் சுமந்துகொண்டு போய் ஏரியில் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு, மேலே செய்வதெல்லாம் கீழே வந்து சேரும் என்பது புரியும். ஆகவே வடிகால் கேட்கும்போது அது ஓடையில் போய்ச் சேரும் இடம்வரை சேர்த்துக் கேளுங்கள். அதற்குக் கீழ் வார்டு கவுன்சிலரின் ஆதரவு வேண்டும். அவர் எதிர்க்கட்சியாக இருப்பார். இருக்கட்டும், அவரோடு டீ குடித்துப் பேசுங்கள். கான்கிரீட் பாதையையும் தடுப்புச் சுவரையும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தடுப்புச் சுவரைத்தான் சொல்வேன். அதில் பேர் கிடைக்காது, செலவும் அதிகம். ஆனால் நவம்பர் மாத இரவில் அந்தச் சரிவில் தூங்குகிறவர்களுக்கு வேண்டியது அதுதான்.

பணம் எங்கிருந்து வரும்? சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், மார்க்கெட் கடை வாடகை ஆகியவை நகராட்சியின் சொந்த வருமானம். அப்புறம் மாநில நிதி ஆணைய மானியமும் மத்திய நிதி ஆணைய மானியமும். சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. தடுப்புச் சுவர், சமுதாயக் கூடம் போன்றவற்றை அதில் கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் தங்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைத் திரட்டினால் மீதியை அரசு தரும். ஏழைகள் வாழும் வார்டில் அது எளிதல்ல. ஆனால் ஊரை விட்டு கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போன பிள்ளைகள் ஒன்று சேர்ந்தால் நடக்கும்.

ஒரு வேலை எப்படி நகர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் பொறியியல் பிரிவினர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அது மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏற வேண்டும். தீர்மானம் நிறைவேறி, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை கொடுத்து, வேலை நடந்து, அளவு எடுத்து, பில் போக வேண்டும். இதில் எந்தப் படியிலும் கோப்பு தூங்கலாம். பெரும்பாலும் முதல் படியிலேயே, மதிப்பீடு தயாராகாமலே தூங்கும். "கமிஷனர் செய்து தருவதாகச் சொன்னார்" என்பது ஒரு தகவலே இல்லை. மதிப்பீடு எண் என்ன, தீர்மான எண் என்ன, எந்தத் தேதி என்று கேட்கிற கவுன்சிலருக்குத்தான் வேலை நடக்கிறது. இந்த வழக்கத்தைத் தேர்தலுக்கு முன்பே ஆரம்பிக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வார்டில் நடந்த பணிகள், ஒவ்வொன்றின் தொகை, முடிந்த தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி நடந்தால், காகிதத்தில் இருக்கும் படிக்கட்டும் தரையில் இருக்கும் படிக்கட்டும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும்.

இனி நிற்பதற்கான வழி. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், பெயர் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருப்பது அவசியம். நகராட்சிக்கு வரி பாக்கி, வாடகை பாக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தீர்த்து ரசீது வாங்கிவிடுங்கள். நகராட்சியோடு ஒப்பந்தத் தொழில் செய்பவர்களும் அரசு ஊழியர்களும் நிற்க முடியாது. வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழியாகத் தர வேண்டும். அதில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாதீர்கள். 2022 தேர்தலில் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பேரூராட்சியில் 1,000 ரூபாய், அதிலும் அதே சலுகை. அந்த முறை மனுத் தாக்கல் ஜனவரி 28இல் தொடங்கி பிப்ரவரி 4இல் முடிந்தது. மொத்தமே ஒரு வாரம். ஆவணங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்காதவர்கள் அந்த வாரத்தில் திண்டாடுவார்கள். தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி, முடிவு வந்தபின் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது கட்டாயம். ஒப்படைக்காதவர்களைத் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு விஷயம் உங்கள் கையில் இல்லை: இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி வார்டுகள் உண்டு. உங்கள் வார்டு எந்தப் பிரிவில் வரும் என்பது அறிவிப்பு வந்தால்தான் உறுதியாகும். அதனால் தனி ஒருவராகத் தயாராகாமல், ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகத் தயாராகுங்கள். அந்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் எந்த நாளில் வரவில்லை என்று நாள்வாரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கடைசி நேரத்தில் ஒரு வீட்டு அம்மாவின் பெயரை மனுவில் போட்டுவிட்டு, கூட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் கணவர் போய் வருகிற வழக்கத்தை நம் வார்டிலாவது நிறுத்த வேண்டும். அக்கா, அம்மா என்று அழைத்து ஓட்டுக் கேட்டுவிட்டு, அவர்களில் ஒருவருக்குப் பேச இடம் கொடுக்காமல் இருப்பது பெரிய அநியாயம்.

கட்சியா, சுயேச்சையா? கட்சி இருந்தால் சின்னம் எல்லோருக்கும் தெரியும், மன்றத்தில் கூட்டு இருக்கும், மேலிடத்தில் பேச ஆள் இருக்கும். சுயேச்சைக்கு ஆணையம் தரும் சின்னத்தைச் சில நாட்களில் வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும். ஆனால் வார்டு சின்னது என்பதால் சுயேச்சை ஜெயிப்பது இங்கே அதிசயம் இல்லை. சில பத்து ஓட்டுகளே முடிவை மாற்றிவிடும். எந்த வழியில் போனாலும், உங்களுக்கு ஓட்டுப் போடாத தெருவிலும் விளக்கு எரிய வேண்டும் என்று நினைப்பவராக இருங்கள். படுகர், தமிழர், மலையாளி, கன்னடம் பேசுவோர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் எல்லாம் ஒரே படிக்கட்டில் குடியிருக்கும் ஊர் இது.

சம்பாத்தியத்துக்காக வரும் பதவி இல்லை. 2023 ஜூலை முதல் நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாயும் பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500 ரூபாயும் மதிப்பூதியம் தருகிறார்கள். அதற்கு முன் கூட்டப் படி மட்டும்தான். இந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் வேலை என்ன ஆகும், கடையை யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தோற்றுவிட்டால்? 2022இல் வந்த விதிகளின்படி வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர் யார் வேண்டுமானாலும் அங்கே உட்காரலாம், குறைகளைப் பதிவு செய்யலாம். வீடு வீடாகப் போய் நீங்கள் எழுதிய பட்டியல் அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கும். அதை நகல் எடுத்து ஜெயித்தவரிடம் ஒன்று கொடுங்கள், பகுதி சபையில் ஒன்று பதிவு செய்யுங்கள். எந்தெந்த வேலைக்கு மதிப்பீடு போட்டார்கள் என்று மூன்று மாதம் கழித்து எழுத்தில் கேளுங்கள்.